ஒரு ஜோடி போதும்ப்பா

போன வாரம் காலை நிகழ்ச்சிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஈப்போவிலிருந்து ஓர் அக்கா. "பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோட ஹொக்கைடோ போறோம்மா. மகனுக்குப் பனிச்சறுக்கு விளையாடணுமாம். காலுறை எத்தனை ஜோடி போட்டா குளிராது? ரெண்டா, மூணா?" விளம்பரத்துக்கு 20 விநாடிதான் இருந்தது. "ஒன்னே போதும் அக்கா, காட்டன் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு விளம்பரத்தைப் போட்டுவிட்டேன்.

அடுத்த பாட்டு முடிவதற்குள் அவரிடமிருந்து இன்னொரு பதிவு. "ஒன்னு எப்படிம்மா போதும்?"

இதே கேள்வியை இதே குரலில் என் அப்பாவும் கேட்டிருக்கிறார். அன்று அவருக்கு அரை நாள் பதில் சொன்னேன். வானொலியில் அரை நாள் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

எனக்கும் இதெல்லாம் பட்டுத்தான் தெரியும். 2019 ஜனவரியில் கல்லூரித் தோழிகள் நால்வர் சேர்ந்து நிசேக்கோ போனோம். கிளம்புவதற்கு முன் தலைநகரில் ஒரு பேரங்காடியில் குளிர்கால உடைகள் விற்கும் கடைக்குப் போனேன். "திக்கா இருந்தா சூடா இருக்கும் மிஸ்" என்றார் கடைக்காரர். தொட்டுப் பார்த்தால் குளியல் துவாலை மாதிரி தடிமன். மூன்று ஜோடி 30 வெள்ளிக்கும் குறைவு. மகிழ்ச்சியாக வாங்கினேன். அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊடகப் படிப்பில் மூன்று ஆண்டு 'மூலத்தைச் சரிபார்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். காலுறைக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை மைனஸ் 8 டிகிரி. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு காலுறை. அதற்குள்ளே தெர்மல் பேண்டின் நுனியைச் செருகிக்கொண்டேன், காற்று புகக் கூடாதாம். அதற்கு மேல் வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்கு பூட்ஸ். பதினொரு மணிக்கெல்லாம் கால் விரல்கள் என்னுடையவையாக இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கணைக்கால் எலும்பில் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு வலி. பனியில் விழுந்ததுகூட வலிக்கவில்லை, எழுந்து நிற்பதுதான் வலித்தது.

வாடகைக் கடைக்கே திரும்பிப் போனேன். அங்கே ஒரு பெரியவர். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் இரண்டு வார்த்தை. பூட்ஸைக் கழற்றச் சொன்னார். முதல் காலுறையை உருவினேன், அடியில் இன்னொன்று இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதையும் உருவி முறுக்கிக் காட்டினார். தண்ணீர் சொட்டியது. பனி உள்ளே போகவில்லை, எல்லாம் என் கால் வியர்வை. ஆள்காட்டி விரலை உயர்த்தி "ஒன்" என்றார். மாட்டியிருந்த வரிசையிலிருந்து, என்னுடையதில் பாதித் தடிமன்கூட இல்லாத ஒரு நீளக் காலுறையை எடுத்துக் கொடுத்தார். 2,800 யென். இவ்வளவு மெல்லிசானது எப்படிக் குளிர் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மதியம் முழுக்கக் கால் சூடாக இருந்தது. கணைக்கால் மட்டும் அன்று மன்னிக்கவில்லை. இரண்டு காலிலும் 50 சென் காசு அளவுக்கு நீலம் பாரித்து, ஊர் திரும்பி ஒரு வாரம் படி இறங்கும்போதெல்லாம் அந்தக் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று பிறகுதான் படித்துப் புரிந்துகொண்டேன். காலுறை தானாகச் சூடு தருவதில்லை. சூடு உடம்பிலிருந்து இரத்தத்தோடு காலுக்கு வருகிறது. அதை இழைகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும் காற்று பிடித்துவைக்கிறது. இரண்டு காலுறையைப் போட்டு இறுக்கமான பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் அந்தக் காற்றும் நசுங்கிப் போகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது. காட்டன் வேறு, வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆக நான் மெனக்கெட்டுக் காசு கொடுத்து என் காலுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கிறேன்.

கணைக்கால் வலி வேறு கதை. பனிச்சறுக்கு பூட்ஸின் வெளிப்பகுதி கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே மெத்தை போல ஓர் உறை. முன்பக்கம் நாக்கு போல ஒரு பட்டை கணைக்காலை ஒட்டி நிற்கும். சறுக்கும்போது முன்னால் சாய்ந்து அந்த நாக்கின் மேல் காலை அழுத்தித்தான் பலகையைத் திருப்ப வேண்டும். அந்த எலும்பின் மேல் சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருட்டில் கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். உள்ளே ஒரு சுருக்கமோ, தையலோ, பேண்ட் நுனியோ இருந்தால் நாள் முழுக்க அது எலும்பில் பதிந்துகொண்டே இருக்கும். என்னைப் போன்ற புதியவர்கள் பயத்தில் பின்னால் சாய்வார்கள். கால் நாக்கை விட்டு விலகும், ஒவ்வொரு மேட்டிலும் போய் இடிக்கும். பூட்ஸ் தளர்வாக இருந்தாலும் இதே இடிதான்.

அதனால்தான் பனிச்சறுக்குக் காலுறையில் கணைக்கால் பகுதிக்கு மட்டும் தனி மெத்தை வைத்துப் பின்னுகிறார்கள். கடையில் காலுறையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள். துவாலையில் இருப்பது போலச் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும். நல்ல காலுறையில் அந்த வளையங்கள் கணைக்காலிலும் குதிகாலிலும் விரல் நுனியிலும் இருக்கும். பாதத்தின் மேல்பக்கமும் பின்பக்கக் கெண்டைச் சதையும் மெல்லிசாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்றால் அது வீட்டில் படுத்துக்கொண்டு படம் பார்க்கும் காலுறை. மெத்தை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். கூடினால் பூட்ஸுக்குள் இடம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் அது அமுங்கியதும் கால் உள்ளே ஆட ஆரம்பிக்கும், மறுபடியும் இடி. வாடகை பூட்ஸ் என்றால் பல பேர் கால் பட்டு உள்ளுறை ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அதற்கு நடுத்தரத் தடிமன் சரி. சொந்தமாக அளவெடுத்து வாங்கிய பூட்ஸ் உள்ளவர்கள் மெல்லிசையே தேடுவார்கள்.

நூலைப் பொறுத்தவரை மெரினோ கம்பளிதான் என் தேர்வு. கம்பளி என்றால் நமக்கு அந்தக் காலத்துச் சொரசொரப்புப் போர்வைதான் நினைவுக்கு வரும், உடனே முதுகு அரிக்கும். மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குப் பருமன். அதனால் குத்தாது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரம் தெரியாது. முழுக் கம்பளி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் நைலானும், இழுவைக்காகக் கொஞ்சம் எலாஸ்டேனும் கலப்பார்கள். அட்டையில் மெரினோ பாதிக்கு மேல் இருந்தால் நான் வாங்கிவிடுவேன். கம்பளி வேண்டாம் என்பவர்களுக்கு விளையாட்டுக்கென்றே செய்த பாலியஸ்டர் வகைகள் இருக்கின்றன, அவையும் மோசமில்லை. நாள் முடிவில் வாடை மட்டும் கூடுதலாக வரும். அறையைப் பகிர்ந்துகொள்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு பெரிய ஆளாக நான் திரிந்துகொண்டிருந்தபோதுதான் அப்பா கேட்டார். "ஏம்மா, அந்தப் பனியை நானும் ஒரு தடவை பார்க்க முடியுமா?"

அப்பாவுக்கு 66 வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லயத்து வீட்டில் வளர்ந்தவர். பிறகு கிள்ளானில் 30 ஆண்டு லாரி ஓட்டினார். வெயில், மழை இரண்டைத் தவிர அவருக்கு மூன்றாவது பருவம் கிடையாது. பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர் வேறு.

கிளினிக்கில் டாக்டரம்மா அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் அந்த இழை வளையும். தொடுவது தெரிந்தால் "ஆமா" சொல்ல வேண்டும். இடது கால் பெருவிரலைத் தொட்டபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து விரலைத் தொட்டபோதும் சொல்லவில்லை. அமைதியாக அடுத்த தொடுதலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போதும் நினைவிருக்கிறது.

இரத்த ஓட்டத்தையும் பார்த்துவிட்டு, "ஓட்டம் நல்லா இருக்கு. போகலாம் ஐயா. ஆனா உங்க கால் சொல்றதை நீங்க நம்பக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவை கழற்றிக் கண்ணால பார்க்கணும்" என்றார். இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை வேண்டாம், சூட்டுப் பொட்டலம் எதையும் கால் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஜப்பானில் கடைக்குக் கடை அந்தப் பொட்டலம் கிடைக்கும், பிரித்தால் காற்றுப் பட்டுத் தானாகச் சூடாகும். சுடுவது தெரியாத காலில் வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இது எங்கள் டாக்டர் என் அப்பாவின் காலைப் பார்த்துச் சொன்னது. உங்கள் வீட்டில் இனிப்புநீர்க்காரர் இருந்தால் அவருடைய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

காலுறை வாங்கப் போனோம். அப்பா கையோடு எடுத்தது அந்தத் துவாலைக் காலுறை. "இதுல ரெண்டு ஜோடி போட்டுக்கறேன். ஒன்னு எப்படிம்மா போதும்?"

அவர் கணக்கு தோட்டத்துக் கணக்கு. பாட்டி விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் முழங்கால் வரை இரண்டு காலுறையை இழுத்துவிட்டு, மேலே சோப்பைத் தேய்த்துக்கொண்டுதான் மரம் வெட்டப் போவாராம். அட்டைக்காக. இரண்டு காலுறை இருந்தால் அட்டையின் வாய் சதைக்கு எட்டாது. "உங்க பாட்டிக்கு ஒரு நாளும் அட்டை கடிச்சதில்ல, தெரியுமா?" என்றார் அப்பா.

"கால் எப்படிப்பா இருக்கும் சாயங்காலம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஊறிப் போயிருக்கும். விரல் இடுக்குல சேத்துப்புண். மஞ்சள் அரைச்சுப் போடுவாங்க."

அதற்கு மேல் நான் பேசத் தேவையிருக்கவில்லை. துவாலைக் காலுறையைத் திரும்ப வைத்தார். ஆனால் விலையைப் பார்த்ததும் அடுத்த சுற்று ஆரம்பித்தது. "ஒரு ஜோடி 120 வெள்ளியா? இதுக்கு ஒரு சட்டையே எடுக்கலாம்." நான் எடுத்தது இரண்டு ஜோடி, ஒன்று காலில் இருக்கும்போது மற்றது காய. விலையை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அன்று இரவே அவர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு எடுத்தபோது எனக்கு எடுத்ததைவிட நான்கு மடங்கு நேரம் ஆனது. விரல் பக்கத் தையலை நகத்தால் தடவிப் பார்த்தேன், மேடு தட்டக் கூடாது. மேல் விளிம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். பூட்ஸின் விளிம்புக்குக் கீழே நின்றுவிட்டால் பிளாஸ்டிக் நேராகத் தோலை அறுக்கும். ஆனால் அந்த விளிம்பு இறுக்கவும் கூடாது. கடையிலேயே போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நடக்கச் சொல்லி, பிறகு கீழிறக்கிப் பார்த்தேன். முதலில் எடுத்ததில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது, மாற்றினோம். இரண்டு அளவுக்கு நடுவில் கால் இருந்தால் பொதுவாகச் சின்ன அளவைத்தான் எடுப்பார்கள், பெரியது சுருங்கி மடியும். அப்பாவுக்கு நல்லவேளையாக அளவு நடுவில் மாட்டவில்லை. ஒவ்வொரு காலுறையிலும் எல், ஆர் என்று பின்னியிருந்தது. இடது வலது மாறினால் கணைக்கால் மெத்தை ஓரத்துக்குப் போய்விடும். "காலுறைக்குக்கூட இடது வலதா?" என்று அப்பா சிரித்தார்.

2024 பிப்ரவரியில் போனோம். அதே நிசேக்கோ. நாங்கள் இறங்கிய அன்று வானம் தெளிந்திருந்தது, யோத்தேய் மலை முழுதாகத் தெரிந்தது. அப்பா கையுறையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பனியை அள்ளி முகர்ந்து பார்த்தார். "வாசனையே இல்லையே" என்றார். அரிசியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கொட்டினார்.

மறுநாள் வாடகைக் கடை. ஜப்பானில் செருப்பு அளவு சென்டிமீட்டரில்தான், பனிச்சறுக்கு பூட்ஸ் அளவும் அப்படியே. அப்பாவுக்கு 26. விடுதியிலிருந்து வேறு சாதாரணக் காலுறை போட்டு அழைத்து வந்திருந்தேன். நடந்து வரும்போதே கால் வியர்த்துவிடும், அதே காலுறையோடு பூட்ஸுக்குள் போனால் ஆரம்பமே ஈரம். கடையில் கால்களைத் துடைத்து, புதுக் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்துப் பிறகுதான் கொக்கிகளைப் போட்டேன்.

"வலிக்குதாப்பா?"

"ஒன்னும் வலிக்கல. மெத்தை மாதிரி இருக்கு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தொடக்கநிலைக்காரர்களுக்கான சரிவு, கிள்ளானில் எங்கள் வீட்டுத் தெருவைவிடக் கொஞ்சம்தான் சாய்வு. நகரும் விரிப்பில் நின்று மேலே போய், பயிற்சியாளர் முன்னால் பின்பக்கமாகச் சறுக்க, அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். மூன்று முறை விழுந்தார். லாரி ஓட்டுநரின் கைகள், ஸ்டியரிங் பிடிப்பது போலவே முன்னால் நீட்டியிருந்தன. பயிற்சியாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, கை அங்கே இருந்தால் உடம்பு தானாக முன்னால் சாயுமாம்.

அரை மணி ஆனதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா இன்னும் ஒரு முறை என்றார். சரி, ஒன்றுதான் என்றேன். அந்த ஒரு முறைக்குப் பத்து நிமிடம் ஆனது.

கடையின் ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்து இடது பூட்ஸைக் கழற்றி, காலுறையை இறக்கினேன். கணைக்காலின் மேல்பாதியில் குறுக்கே சுண்டுவிரல் பருமனில் ஆழமாக ஒரு சிவப்புக் கோடு. தோல் கிழியவில்லை. ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் நண்பர் ஒருவர் செருப்புக்குள் கிடந்த சின்னக் கல்லில் ஆரம்பித்து விரலை இழந்தவர்.

காரணம் காலுறை இல்லை. குளிர் ஏறுகிறதே என்று அப்பா எனக்குத் தெரியாமல் தெர்மல் பேண்டின் நுனியைக் காலுறைக்குள் செருகியிருக்கிறார். 2019-இல் நான் செய்த அதே வேலை. அந்தத் தையல் விளிம்புதான் கோடு போட்டிருந்தது.

"ஏம்ப்பா சொல்லல?"

"தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு அவரே விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார், அங்கே ஏதாவது தெரிகிறதா என்று.

ஒரு கோப்பை சூடான சோளச் சூப் குடிக்கும் நேரம் காத்திருந்தோம். முக்கால் மணி நேரத்தில் கோடு மங்கி மறைந்தது. தெர்மல் பேண்டை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, காய்ந்திருந்த இரண்டாவது ஜோடியைப் போட்டுவிட்டேன். பூட்ஸுக்குள் கால், காலுறை, வேறு எதுவும் இல்லை. கீழ்க்கொக்கிகளை ஒரு பல் தளர்த்தினேன். இந்த முறை இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பாவே போய் பெஞ்சில் உட்கார்ந்து காலுறையை இறக்கிப் பார்த்தார். கோடு இல்லை என்றால் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டுவார். நான்காவது முறை காட்டியபோது போதும் என்று நானே நிறுத்திவிட்டேன். மீதி இரண்டு நாள் சும்மா நடந்தார், சூப் குடித்தார், பனியில் 'கிள்ளான்' என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலுறைகள் இன்னும் இருக்கின்றன. உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுவது அம்மாவின் பொறுப்பு. துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் சுருங்கிவிடும், மென்மையாக்கும் திரவம் கம்பளிக்கு ஆகாது. 120 வெள்ளி என்று தெரிந்த பிறகு அம்மா அதைப் பட்டுப்புடவை மாதிரி கவனிக்கிறார்.

ஈப்போ அக்காவுக்கு: உங்கள் மகன் அடுத்த வருசமும் போடட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுத்துவிடாதீர்கள். பள்ளிச் சீருடைக்கு நாம் செய்வது இங்கே கணைக்காலில் சுருக்கமாக வந்து நிற்கும். கால் அளவைச் சாயங்காலம் எடுங்கள், பகலெல்லாம் நடந்து கொஞ்சம் வீங்கியிருக்கும்போது. குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கவைத்து, நீளமான விரலின் நுனி வரை சென்டிமீட்டரில். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் ஜப்பானில் பூட்ஸ் கடையில் அதையே நீட்டலாம். ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்குங்கள் அக்கா, ஆனால் காலில் ஒன்றுதான்.